அரை மணித்தியால அடைப்பு

டிஸ்பென்சரிக் கம்ப்யூட்டருக்கு இரண்டு புத்தி என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். காலையில் அதைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். தலைமைக் காரியாலயத்துக்கு இங்கிலீஷில் ரிப்போர்ட் அனுப்ப விண்டோஸ். கிளினிக் அட்டை, போலியோ சொட்டு மருந்து நோட்டீஸ், சாவு எழுதிக் கொடுக்கும் துண்டு என்று தமிழில் செய்யும் வேலைக்கெல்லாம் லினக்ஸ். தமிழ் எழுத்து அதில்தான் உடையாமல் வந்தது. தெரணியகலைக்கு மேலே, பாதி ரப்பரும் பாதித் தேயிலையுமாகக் கிடந்த அந்தத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், இந்த இரண்டையும் கட்டி மேய்க்கத் தெரிந்தவள் ஜீவராணி ஒருத்திதான். இருபத்து நாலு வயது. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். பாஸ் பண்ணியவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும் அந்த நாற்காலியில் உட்காரும்போது அவளுக்கு முதுகு தானாக நிமிரும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்திலிருந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் அவளுக்கு முன்னால் யாரும் கிடையாது.

கம்ப்யூட்டரை ஏதோ ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் கொடுத்தது. கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்து பொருத்தியவர் அஸீஸ்; அண்ணன் என்ற முறையில் எல்லோருக்கும் அஸீஸ் நானா. லினக்ஸுக்குப் போனால் மணி எங்கேயோ ஓடிவிடுகிறதே என்று ஜீவராணி கேட்டபோது அவர் சிரித்தார்.

“பெட்டிக்குள்ள இருக்கிறது ஒரே ஒரு மணிக்கூடுதான் தங்கச்சி. சட்டைப் பொத்தான் அளவு பெட்டரியில ஓடுது. விண்டோஸ் அதைப் பார்த்து, இது நம்ம நாட்டு நேரம்னு எடுத்துக்கும். லினக்ஸ் அதையே பார்த்து, இது லண்டன் நேரம், நம்ம நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் கூட்டணும்னு கூட்டிக்கும். லினக்ஸ்ல இருக்கிறப்ப, காட்டுற நேரத்துல ஆறைக் கழிச்சுக்கங்க. ஒரு வரியை மாத்தினா சரியாயிரும். அடுத்த தடவை வந்து செஞ்சு தாறேன்.”

அடுத்த தடவை ஒன்றரை வருஷம் வரவில்லை. ஜீவராணி ஒரு வெள்ளைக் காகிதத் துண்டில் ‘லினக்ஸ் - 6 கழி’ என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள். இரவு ஏழு என்று காட்டினால் பகல் ஒன்று. பழகிவிட்டது.

இதற்கிடையில் 2006 சித்திரைப் புத்தாண்டு வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் கரண்டை மிச்சம் பிடிக்கிறோம் என்று அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னால் தள்ளி, பிறகு பாதியை இழுத்து, அரை மணித்தியாலத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. அந்த அரை மணித்தியாலத்தையும் இப்போது திரும்ப எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவர்கள் கொழும்பில் நிம்மதியாக இருந்தார்கள். லயத்தில்தான் வழக்கு. பாதிப் பேர் மணிக்கூட்டைத் திருப்பினார்கள், மீதிப் பேர் பழையதிலேயே இருந்தார்கள். எது பழையது, எது புதியது என்பதே பெரிய கேள்வி. புது நேரம் என்பது பத்து வருஷத்துக்கு முந்திய பழைய நேரம்தானே. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் கண்டக்டரே “பரண வெலாவத, அலுத் வெலாவத?” என்று பழசா புதுசா கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னான். டிஸ்பென்சர் ரெஜினோல்ட் ஐயா, சுவர் மணிக்கூட்டைத் தொடவே இல்லை. “இவனுங்க இன்னொருக்கா மாத்துவானுங்க, நான் எதுக்கு ஏணி ஏறணும்” என்றார். டிஸ்பென்சரியில் இனிமேல் எதை எழுதினாலும் கம்ப்யூட்டர் நேரப்படிதான் எழுத வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் துரையே ஒரு கடிதம் அனுப்பினார்.

ஜீவராணி அன்றைக்கே உட்கார்ந்து சரி செய்தாள். விண்டோஸில் இலங்கை என்று இருந்த நேரம் இன்னும் பழைய ஆறிலேயே நின்றது. அதற்குப் பக்கத்தில் சென்னை, கொல்கத்தா என்று ஐந்தரை இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள். இந்தியாக்காரன், இந்தியாக்காரன் என்று நாலு தலைமுறையாகக் கேட்டுக் காது புளித்தவர்களின் பேத்தி, அரசாங்கத்தின் நேரத்துக்கு வருவதற்குச் சென்னையை அமுக்க வேண்டியிருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு லினக்ஸைப் பற்றி யோசித்தாள். லண்டனுக்கும் நமக்கும் இப்போது ஐந்தரை வித்தியாசம். துண்டில் இருந்த ஆறை வெட்டி, மேலே ஐந்தரை என்று எழுதினாள். கெட்டிக்காரிகள் இப்படித்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள். சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தோட்டத்தில் நம்பகமான நேரம் ஒன்றும் இல்லை. ஒப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

ஐப்பசி மாதம் கன்னையாவின் மனைவி மருதாயி செத்துப்போனாள்.

கன்னையா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஆறாம் நம்பர் லயத்தில் முதல் காம்பரா அவருடையது. அதே லயத்தின் கடைசிக் காம்பரா ஜீவராணியின் வீடு. மருதாயி மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தாள். கேகாலைப் பெரியாஸ்பத்திரியிலிருந்து, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் ரெஜினோல்ட் ஐயா தெரணியகலைக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஜீவராணி லினக்ஸில் தாய்மார் கிளினிக் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தாள். டிஸ்பென்சரிக்கும் லயத்துக்கும் நாற்பது படிதான். கன்னையா அந்த நாற்பது படியையும் ஏறி, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

“மூச்சு நின்னுபோச்சு பாப்பா. நேரத்தப் பாத்து வையி.”

வேறு எதையும் அவர் கேட்கவில்லை. உயிர் போனதும் முதலில் நேரத்தைப் பார்க்க வேண்டும்; அழுகை அதற்கப்புறம். அவர் வீட்டு மணிக்கூடு எந்த நேரத்தில் ஓடுகிறது என்று அவருக்கே நிச்சயமில்லாததால், கட்டிய மனைவியின் கையை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். திரையின் மூலையில் 7:20 என்றிருந்தது. ஜீவராணி ஐந்தரையைக் கழித்தாள்.

“ஒண்ணு அம்பது மாமா.”

“புது நேரமா?”

“புது நேரந்தான். கம்ப்யூட்டர் நேரம்.”

“அப்ப சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, வந்த படியில் இறங்கினார்.

மூன்று மணிக்கு ரெஜினோல்ட் ஐயா வந்து மருதாயியைப் பார்த்தார். ஒன்று ஐம்பது என்று ஜீவராணி அடித்து வைத்திருந்த துண்டில் கையெழுத்துப் போட்டார். மாரியம்மன் கோயில் பூசாரி வேலாயுதம் அந்தத் துண்டை ஒரு கையிலும் பஞ்சாங்கத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“ஒண்ணு முப்பத்தெட்டோட திருவோணம் முடிஞ்சிருச்சு கன்னையா. அப்புறம் அவிட்டம். பன்னெண்டு நிமிசம்தான். ஆனா அவிட்டம் அவிட்டந்தான்.”

அவிட்டத்தில் செத்தால் ஆறு மாதம் அடைப்பு. உயிர் போன வீட்டைப் பூட்டிப்போட வேண்டும். அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது, சமைக்கக் கூடாது. மீறினால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பது பயம். பத்து அறை உள்ள வீட்டுக்காரர்கள் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்ற ஒன்பதில் இருந்துகொள்வார்கள். லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா. அதைப் பூட்டினால் வெளியே ஆகாயம். பூசாரி பெரிய மனசு பண்ணிப் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை இருக்கலாம் என்றார். பதினேழாம் நாள் கன்னையா காம்பராவைப் பூட்டிக் கதவில் முள்ளுக் கொப்பைச் செருகினார். மகள் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு, ஓடைப் பக்கம் தகரமும் சாக்குமாக ஒரு கொட்டில் போட்டு அங்கே போனார். தர்ஷினிக்கு மார்கழியில் ஓ.எல். பரீட்சை.

வேறு காம்பரா ஏதாவது தற்காலிகமாகக் கிடைக்குமா என்று அவர் பெரிய கிளாக்கரிடம் கேட்டார். கிளாக்கர் தோட்ட ஒழுங்குவிதி ஒன்றை எடுத்துப் படித்தார். ஒரு வாரம் ஆள் குடியிருக்காத காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். துரை யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பார். கன்னையா அதற்குக் கலங்கவில்லை. அடைப்புக் காம்பராவை எவன் வாங்குவான்? ஆறு மாதம் அது அப்படியே கிடக்கும், பிறகு போய்க் காலில் விழுந்தாவது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த நினைப்பு தப்பில்லை. கார்த்திகை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது கிளாக்கர் அந்தக் காம்பராவைச் சொல்லி, யாருக்கு வேண்டும் என்று கேட்டார். ஒரு கை உயரவில்லை. மேல் லயத்துச் சூசையம்மா வேதக்காரி. அவளுக்கு நட்சத்திரமும் கிடையாது, அடைப்பும் கிடையாது, எட்டுப் பேரோடு ஒரே காம்பராவில் கிடக்கிறவள். “அந்த மனுசன் வயிறு எரிய எனக்கு ஒண்ணும் வேணாங்க” என்று அவளும் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை அஸீஸ் வந்தார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்தவர், முதலில் திரையில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தார்.

“இது என்ன தங்கச்சி, ஐந்தரை?”

“நேரத்த மாத்தினாங்கதானே அஸீஸ் நானா. முந்தி ஆறு, இப்ப ஐந்தரை.”

“நாடு மாத்திச்சு. இந்தப் பெட்டிக்கு யார் சொன்னது?” அவர் கைக்கடிகாரத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். “இன்டர்நெட் இல்லாத லினக்ஸ், நாங்க போட்ட அன்னைக்கு என்ன தெரிஞ்சதோ அதுதான் இன்னைக்கும் தெரியும். இது இன்னமும் ஆறுதான் கூட்டுது. நீங்க ஐந்தரை கழிச்சா அரை மணித்தியாலம் கூடவாத்தான் வரும்.”

பிறகு அவர் எதையோ அடித்து, ஒரு வரியை மாற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். விண்டோஸில் பார்த்தார், லினக்ஸில் பார்த்தார். இரண்டிலும் ஒரே நேரம், மூன்று மணி. “இனிக் கூட்டவும் வேணாம், கழிக்கவும் வேணாம்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். பத்து நிமிஷ வேலை. ஜீவராணி மனசுக்குள் கணக்கைத் திரும்பப் போட்டாள். ஏழு இருபதில் ஆறு போனால் ஒன்று இருபது. மருதாயி செத்தது ஒன்று இருபதுக்கு. திருவோணம் முடியப் பதினெட்டு நிமிஷம் இருந்தபோது.

அவள் முதலில் ரெஜினோல்ட் ஐயாவிடம்தான் போனாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் கையெழுத்து வச்ச நேரம் பிழைன்னு நானே எழுதித் தரணுமா? ஒண்ண மாத்தினா, ஏப்ரல்ல இருந்து நீ எழுதின அத்தனை நேரமும் பிழைன்னு ஆகும். ஒரு பொம்பள செத்தது செத்ததுதான். அரை மணித்தியாலத்துல என்ன இருக்கு? ஒன் வேலைய நிரந்தரமாக்கச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கேன், அத நெனச்சுக்க.”

அவருக்கு அரை மணித்தியாலம் ஒரு தேத்தண்ணி நேரம். கன்னையாவுக்கு அது வீடு. ஜீவராணி மனசுக்குள் அவரை நன்றாகத் திட்டினாள். கன்னையாவிடம் போய்ச் சொல்லத் துண்டு எதற்கு, வாய் போதும் என்று முடிவு பண்ணினாள். தனியாகப் போக மட்டும் கூச்சமாக இருந்தது. அம்மாவையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு வந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த தப்புகளில் ஒன்று கழித்தல் கணக்கு. அதைவிடப் பெரியது இது.

வீடு என்றால் அதுவும் பத்துக்குப் பன்னிரண்டுதான். அம்மா, அண்ணன் சசி, அவன் மனைவி ஷாமிளா, ஜீவராணி, இரண்டு தங்கச்சிகள். நடுவில் ஒரு சீலைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும். அண்ணிக்கு ஏழாவது மாதம். இன்னொரு காம்பரா கேட்டுச் சசி மூன்று வருஷமாக ஆபீசுக்கு நடந்துகொண்டிருந்தான்.

ஜீவராணி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்குப் பெட்டரியும் லண்டனும் புரியவில்லை, திருவோணம் புரிந்தது.

“அப்ப அந்தக் காம்பராவுக்கு அடைப்பே இல்லியா?”

“இல்லம்மா.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. கன்னையாவுக்காகத்தான் சந்தோஷப்படுகிறாள் என்று ஜீவராணி நினைத்தாள். சசி சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்தான்.

“இத வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா ராணி?”

“டிஸ்பென்சர் ஐயாவுக்குத் தெரியும். கன்னையா மாமாகிட்ட இப்ப போயி சொல்லணும். நீங்களும் வாங்க.”

“மழை கொட்டுது. ஓடைப் பக்கம் இப்ப எறங்க முடியாது. காலையில போவோம்.”

மழை கொட்டியது உண்மை. இடியும் இருந்தது. ஆனால் ஓடைக்கு முந்நூறு அடிதான். அந்த மழையில்தான் கன்னையாவும் தர்ஷினியும் சாக்குக் கூரையின் கீழே இருந்தார்கள். ஜீவராணி குடையை எடுத்தாள், வைத்தாள். காலையில் போகலாம் என்று பாயை விரித்துப் படுத்தாள்.

காலையில் அவள் தலை சீவி முடிப்பதற்குள் சசி பெரட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டான். கையில் சாவி இருந்தது.

“முதல் காம்பரா நமக்கு” என்றான். “நாந்தான் கைய ஒசத்துனேன். கிளாக்கரே ஆச்சரியப்பட்டுட்டாரு.”

ஜீவராணி சீப்பைக் கீழே போட்டாள். பிறகு கத்தினாள். இது அநியாயம், நான் இப்போதே போய்ச் சொல்லப்போகிறேன் என்றாள். அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை, நிதானமாகப் பேசினாள். அதுதான் மோசம்.

“அவரு விட்டுட்டுப் போன காம்பராதானே? நாங்க யாரையும் வெரட்டல. நீ போயி சொன்னா என்னாகும்? பொய் நேரம் எழுதிக் குடுத்து, மனுசன நடு ரோட்டுல விட்டவள்னு ஒன்னத்தான் சொல்லுவாங்க. வேலையும் போவும். அண்ணி இந்தத் தெரைக்குப் பின்னால புள்ள பெறணுமா?”

திரைக்குப் பின்னால் ஷாமிளா புரண்டு படுத்தாள். அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. ஜீவராணி உட்கார்ந்துவிட்டாள்.

சசி முள்ளுக் கொப்பைப் பிடுங்கிப் போட்டு, அன்றைக்கே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். லயத்தில் சிலர் காறித் துப்பினார்கள். சிலர், பயலுக்குத் தைரியம்தான் என்றார்கள். “அடைப்பு கிடைப்பு எல்லாம் அந்தக் காலம்” என்று சசி சிரித்துக்கொண்டே சொல்லித் திரிந்தான். வெள்ளிக்கிழமை விரதம் தவறாத அம்மா, பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற அம்மா, மகன் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். அவளுக்கு எப்படி பயம் வரும்? மருதாயி எந்த நிமிஷத்தில் செத்தாள் என்று அந்தத் தோட்டத்திலேயே சரியாகத் தெரிந்த ஒரே குடும்பம் அவர்களுடையது. மற்றவர்களுக்கு அது பாவப்பட்ட காம்பரா. இவர்களுக்கு நல்ல காம்பரா.

சசியும் ஷாமிளாவும் அங்கே போன பிறகு, இங்கே சீலைத் திரையை அவிழ்த்தார்கள். ஜீவராணி பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்ததும் நன்றாகத் தூங்கினோம் என்பது ஞாபகம் வந்து, அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அந்த அருவருப்போடு எழுந்து, முகத்தைக் கழுவி, வேலைக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படியே. கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு ஒரு நிமிஷம்கூடத் தப்பவில்லை.

கன்னையாவை அவள் தூரத்தில் கண்டால் வேறு பாதையில் திரும்பினாள். காம்பரா கைமாறியது தெரிந்த அன்று அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை என்று சொன்னார்கள். பால் வாளியைக் கழுவி வைத்துவிட்டு, ஓடைக்கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு கொட்டிலுக்கு இன்னும் இரண்டு தகரம் தேடிக்கொண்டுவந்து கட்டினாராம்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவர் டிஸ்பென்சரிக்கு வந்தார். தர்ஷினிக்கு ஈரத்தில் கிடந்து கிடந்து இருமல் பிடித்துவிட்டது. ரெஜினோல்ட் ஐயா மருந்தை எழுதி ஜீவராணியின் மேசைக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனார். கன்னையாவின் காலில் அட்டை கடித்த இடமெல்லாம் கறுத்துத் தழும்பாகியிருந்தது. ஜீவராணி தலையைக் குனிந்தபடியே போத்தலில் இருமலுக்கான பாணி மருந்தை ஊற்றினாள்.

“பாப்பா, ஒங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்” என்றார் கன்னையா. “ஒங்க அண்ணங்கிட்ட சொல்ல முடியல. ஒங்கம்மாவும் என்னயப் பாத்தா உள்ளுக்குப் போயிர்றாங்க. நான் காம்பராவக் கேட்டு வரல. அது போனது போயிருச்சு.”

ஜீவராணி போத்தலை மேசையில் வைத்தாள்.

“ஷாமிளாப் புள்ள வயித்துல புள்ளயோட இருக்கு. இன்னும் நாலு மாசத்துக்கு மேல அடைப்பு இருக்கு பாப்பா. சசி எளந்தாரி, அவனுக்கு நம்பிக்க இல்ல, இருக்கட்டும். அந்தப் புள்ளய மட்டுமாச்சும் பேறு முடியிற வரைக்கும் ஒங்க காம்பராவுல வச்சுக்கங்க. மருதாயி யாருக்கும் கெடுதல் நெனைக்கிறவ இல்ல. ஷாமிளா கல்யாணமாகி வந்தப்ப அவதான் ஆரத்தி எடுத்தா. ஆனா, செத்த நேரம் அவ கையில இல்லியே. எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது.”

அவர் கையைக் கூப்பவில்லை, கண் கலங்கவில்லை. நியாயமான ஒரு யோசனையைச் சொல்லும் மனுஷனாகவே நின்றார். அதைத்தான் ஜீவராணியால் தாங்க முடியவில்லை. அவர் வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருப்பாள்.

“மாமா, அத்த செத்தது ஒண்ணு அம்பதுக்கு இல்ல” என்றாள். “ஒண்ணு இருவதுக்கு. நான் கழிச்சதுதான் பெழ. ஆறு மணித்தியாலம் கழிக்கணும், நான் ஐந்தரை கழிச்சேன். அத்த போனது திருவோணத்துல. அடைப்பு இல்ல மாமா. ஒரு நாளும் இருக்கல.”

கன்னையா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வெளியே ரப்பர் காய் ஒன்று வெடித்துத் தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

“ஒங்க வீட்டுல தெரியுமா?”

“தெரியும்.”

“சசிக்கு?”

“தெரியும் மாமா.”

“எப்ப தெரிஞ்சது?”

இதற்கு மட்டும் அவளால் தப்பான நேரம் சொல்ல முடியவில்லை. “திங்கக்கெழம. மத்தியானம் மூணு மணிக்கு எனக்குத் தெரியும். பொழுது சாஞ்சு வீட்டுல சொன்னேன். சசி அண்ணன் சாவி வாங்கினது செவ்வாக்கெழம காலையில.”

“திங்கக்கெழம காம்பரா பூட்டித்தானே கெடந்துச்சு” என்றார் கன்னையா.

அது கேள்வி இல்லை. ஜீவராணி எழுந்தாள். துரையிடம் போகலாம், நான் வந்து சாட்சி சொல்கிறேன், வேலை போனாலும் பரவாயில்லை என்று அவசர அவசரமாக ஏதேதோ சொன்னாள். கன்னையா கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏழு மாசப் புள்ளத்தாச்சிய வெளிய எடுத்துப் போட்டுட்டு நான் உள்ள போகணுமா?” என்றார். “அத நான் செய்யமாட்டேன்னு ஒங்கம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சிருக்காங்க.”

மேசையிலிருந்த மருந்துப் போத்தலை எடுத்து, மூடியை இன்னொரு தடவை இறுக்கினார். வாசல் வரைக்கும் போய் நின்றார்.

“பாப்பா, தர்ஷினிகிட்ட மட்டும் இதச் சொல்லிராத. அம்மாவுக்காகத்தான் இந்தக் கொட்டில்ல கெடக்கோம்னு நெனச்சுப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கா. மழையில நனையிறப்பகூட, இன்னும் இத்தன நாளுதான் அப்பான்னு எண்ணுறா. அவ அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். நாலு பேரு சேந்து நம்மள ஏமாத்துனதாலதான் இங்க கெடக்கோம்னு தெரிஞ்சா, அவளுக்கு அதத் தாங்காது.”

சொல்லிவிட்டு நாற்பது படியும் இறங்கினார். லயத்து வழியாகப் போகாமல் ரப்பர் மரங்களுக்குள் புகுந்து ஓடைப் பக்கமாக நடந்தார்.